வாக்கு இல்லாதவரின் 16 நாட்கள்

வாக்கில்லாத தலைநகரம் – 17

1973-ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம் வாஷிங்டன் நகரத்துக்கு ஒரு மேயரைத் தந்தது, 13 பேர் கொண்ட நகர மன்றத்தைத் தந்தது, கஜானாவின் சாவியை மட்டும் நாடாளுமன்றத்தின் இடுப்பிலேயே விட்டுவைத்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சாவி ஒரு நகரத்தை என்ன பாடு படுத்தும் என்பதை 2013 அக்டோபரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேரடியாக அனுபவித்தார்கள். அந்த ஆண்டு நகரத்தின் செலவுத் திட்டத்தில் 600 கோடி டாலருக்கு மேல் உள்ளூர்ப் பணம். வீட்டு வரி, வருமான வரி, கடையில் சாமான் வாங்கும்போது கட்டிய விற்பனை வரி என்று நகரவாசிகளே கொடுத்த பணம். அதிலிருந்து ஒரு டாலரை எடுத்துக் குப்பை லாரிக்கு டீசல் போடவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லாமல் போனது.

காரணம் நகரத்தில் இல்லை. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று குடியரசுக் கட்சியினர் ஒற்றைக் காலில் நின்றார்கள். அந்தச் சண்டையில் மத்திய அரசு முடங்கியது, அதோடு நகரமும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30 நள்ளிரவோடு முடிகிறது. அதற்குள் செலவு மசோதாக்கள் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரின் கையெழுத்து விழ வேண்டும். விழவில்லையென்றால் சில வாரங்களுக்கு ஒப்பேற்றும் தற்காலிகத் தீர்மானமாவது வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், ஒதுக்காத பணத்தைத் தொடும் அதிகாரி சட்டப்படி குற்றவாளி. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிறந்த இந்தச் சட்டத்தை நெடுங்காலம் யாரும் கறாராக எடுத்துக்கொண்டதில்லை. ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் கையைக் கடித்துக்கொண்டு ஓட்டின. 1980-ல் ஜிம்மி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டம் சொல்வதை அப்படியே பின்பற்றத்தான் வேண்டும் என்று கருத்து எழுதினார். மறு ஆண்டு ஜனவரியில் எழுதிய இரண்டாவது கருத்தில், மனித உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்றார். இன்றைய அரசு முடக்கங்கள் அத்தனையும் அந்த இரண்டு கடிதங்களிலிருந்து கிளைத்தவை.

மற்ற நகரங்களுக்கு இதனால் பெரிய சேதமில்லை. சிகாகோவின் குப்பையை யார் அள்ளுவது என்று நாடாளுமன்றம் முடிவு செய்வதில்லை. வாஷிங்டனின் செலவுத் திட்டமோ நகரவாசிகளின் சொந்த வரிப் பணமாக இருந்தாலும், மத்திய அரசின் ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் ஒரு பகுதியாகப் போய்த்தான் உயிர் பெற வேண்டும். பெரிய மசோதா விழுந்தால் உள்ளே இருக்கும் நகரமும் விழும்.

இந்த நகரத்தின் சார்பில் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருவர், எலினார் ஹோம்ஸ் நார்ட்டன். அப்போது அவருக்கு 76 வயது. 1991 ஜனவரி முதல் அந்த இருக்கையில் இருந்தார். சபையில் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். ஒரு மசோதா கடைசியாகச் சபையின் முன் வந்து நிற்கும்போது மட்டும் அவருக்கு வாக்கு இல்லை. 1993-ல் ஒரு சிறு வாசலைத் திறந்திருந்தார். குழுக்களில் வாக்களிக்க அனுமதி இருக்கும்போது, சபை முழுவதும் ஒரே குழுவாகக் கூடித் திருத்தங்களைப் பரிசீலிக்கும் நேரத்தில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்டார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டம் போதித்தவர் கேட்ட கேள்விக்கு அன்றைய ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மையிடம் மறுப்பு இல்லை. குடியரசுக் கட்சியினர் வழக்குப் போட்டும் நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது. 1995-ல் அவர்கள் பெரும்பான்மை பெற்றதும் அதைப் பிடுங்கினார்கள். 2007-ல் திரும்பக் கிடைத்தது, 2011-ல் மறுபடி போனது. ஆக, நான் சொல்லப்போகும் 16 நாட்களில் அந்த அரை வாக்குகூட அவர் கையில் இல்லை.

வாக்கு இல்லாத உறுப்பினர் என்னதான் செய்துவிட முடியும் என்று தோன்றும். நார்ட்டன் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தால் அந்தக் கேள்வி சற்றுத் தணியும்.

அவருடைய கொள்ளுத்தாத்தா ரிச்சர்ட் ஹோம்ஸ் வர்ஜீனியாவில் அடிமை. அங்கிருந்து தப்பி வாஷிங்டனுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர் என்று நார்ட்டன் மேடைகளில் சொல்வார். தாத்தா 1902-ல் நகரத் தீயணைப்புத் துறையில் சேர்ந்தார். பேத்தி யேல் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1963 ஜூனில், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக மிசிசிப்பிக்குப் போனார். ஜாக்சன் நகரில் அவரை வரவேற்றுச் சுற்றிக்காட்டியவர் கறுப்பினத்தவர் உரிமை இயக்கத் தலைவர் மெட்கர் எவர்ஸ். இங்கேயே தங்கி வேலை செய்யுங்கள் என்று வற்புறுத்திப் பார்த்துவிட்டு, மாலையில் அவரை கிரீன்வுட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார் எவர்ஸ். நள்ளிரவு தாண்டியதும் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிரீன்வுட்டில் அந்தச் செய்தி வந்து சேர்ந்த கையோடு, வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டுக் கிடந்த வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரையும் தோழர்களையும் மீட்கப் போனவர்களில் நார்ட்டனும் ஒருவர். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை.

வக்கீலான பிறகு அவர் எடுத்த ஒரு வழக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேரிலாந்தில் வெள்ளை இனவெறி அமைப்பு ஒன்றின் பொதுக்கூட்டத்துக்கு, எதிர்த்தரப்பிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நீதிமன்றம் தடை போட்டது. தன் இனத்தையே இழிவாகப் பேசும் அந்த அமைப்புக்காக நார்ட்டன் உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடி, 1968-ல் வென்றார். பேச்சைப் பூட்டும் அதிகாரம் அரசிடம் போய்விட்டால் முதலில் பூட்டப்படுவது எளியவர்களின் வாய்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பிற்காலத்தில் பேச்சு ஒன்றை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தவருக்கு, அந்தப் பேச்சின் மதிப்பு எப்போதோ தெரிந்திருந்தது.

அவர் முதலில் சந்தித்த பெரிய முடக்கம் 1995 நவம்பர் 14-ல் வந்தது. நகரத்துக்கு அப்போது வேறு துன்பமும் இருந்தது. கடனில் மூழ்கி, அதே ஆண்டு ஏப்ரலில் மேற்பார்வை வாரியம் ஒன்றின் பிடிக்குள் போயிருந்தது. அதன் மேல் இந்த அடியும் விழுந்தது. கிளிண்டனும் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் மோதிக்கொண்ட 5 நாட்களில் நகராட்சியும் இழுத்து மூடப்பட்டது. நார்ட்டன் கிங்ரிச்சிடமே போனார். எதிரணிக் கட்சியின் தலைவர் என்ற தயக்கமெல்லாம் அவருக்கு இல்லை. பிரதிநிதிகள் சபையில் நகர விவகாரக் குழுவின் தலைவராக இருந்த வர்ஜீனியாவின் டாம் டேவிஸும் குடியரசுக் கட்சிக்காரர்தான், அவரையும் விடவில்லை. டிசம்பரில் தொடங்கி ஜனவரி 6 வரை நீண்ட 21 நாள் முடக்கத்தின்போது, நகரத்துக்கென்று தனியாகக் குறுகிய காலத் தீர்மானங்கள் நிறைவேறின. மத்திய அரசு படுத்திருந்தபோது நகரம் நடமாடியது. இந்த முன்னுதாரணத்தை நார்ட்டன் மறக்கவில்லை. 18 ஆண்டுகள் கழித்து அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

இடையில் 2011. ஏப்ரலில் மறுபடி முடக்கம் வரும்போல் இருந்தது. நகரத்தைப் பணயமாக வைத்துப் பேரம் நடக்கிறது என்று தெரிந்ததும், நாடாளுமன்றத்தை நரகத்துக்குப் போகச் சொல்லும் காலம் வந்துவிட்டது என்று நார்ட்டன் தொலைக்காட்சியிலேயே சொன்னார். சொந்த வேலையிடத்தைப் பற்றி ஓர் உறுப்பினர் இப்படிப் பேசுவது அபூர்வம். ஏப்ரல் 8 இரவு ஒப்பந்தம் ஏற்பட்டு முடக்கம் தவிர்க்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலைகளில் ஒன்று நகரத்தின் தலையில் விழுந்தது: ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கு நகரம் தன் சொந்தப் பணத்தையும் செலவழிக்கக் கூடாது. வாஷிங்டன் நகரக் கருக்கலைப்பு விஷயத்தை உங்களுக்கு விட்டுத்தருகிறேன், எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்று சபாநாயகர் ஜான் பேனரிடம் ஒபாமா சொன்னதாக ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதியது. விட்டுத்தந்தவர் வேறு, இழந்தவர்கள் வேறு. ஏப்ரல் 11 அன்று மேயர் வின்சென்ட் கிரே, நகர மன்ற உறுப்பினர்கள் உள்பட 41 பேர் நாடாளுமன்றத்துக்கு அருகே தெருவில் உட்கார்ந்து கைதானார்கள்.

2013-க்கு வருவோம். ஏப்ரலில் நகர மக்கள் பொதுவாக்கெடுப்பு நடத்தி, எங்கள் வரிப் பணத்தை நாங்களே செலவழிப்போம் என்று பெருவாரியாகத் தீர்ப்பளித்திருந்தார்கள். அது சட்டப்படி செல்லுமா என்ற சிக்கல் தீராத நிலையில் செப்டம்பர் வந்துவிட்டது. டெக்ஸாஸ் செனட்டர் டெட் க்ரூஸ் 21 மணி நேரம் நின்று பேசினார். முடக்கம் உறுதியென்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

செப்டம்பர் 25 அன்று மேயர் கிரே, வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலக இயக்குநர் சில்வியா மேத்யூஸ் பர்வெல்லுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சாதாரணமாக இந்தச் சமயத்தில் ஒவ்வொரு துறையும் ஊழியர்களை இரண்டாகப் பிரிக்கும். அத்தியாவசியமானவர்கள் வேலைக்கு வர வேண்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கிரே பிரிக்க மறுத்தார். நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர், ஓட்டுநர் உரிமம் கொடுப்பவர், குப்பை அள்ளுபவர், எல்லாருமே உயிரையும் உடைமையையும் காப்பவர்கள்தான் என்று அறிவித்துவிட்டார். ஒதுக்காத பணத்தைத் தொடக் கூடாது என்ற சட்டத்தை மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை யார் மேலும் வழக்குப் பாய்ந்ததில்லை என்றாலும், சிறை என்ற சொல் சட்டப் புத்தகத்தில் இருக்கத்தான் செய்தது. கடிதத்தில் கையெழுத்திட்டவருக்கு அது தெரியாமல் இல்லை.

சம்பளத்துக்குப் பணம்? அவசரக் கால இருப்பு நிதி ஒன்று இருந்தது. ஏற்கெனவே முறைப்படி ஒதுக்கப்பட்ட பணம் என்பதால் அதைத் தொடலாம். ஏறத்தாழ 21.8 கோடி டாலர். ஆண்டுக்கு 600 கோடி செலவழிக்கும் நகரத்துக்கு அது எத்தனை நாள் வரும்? மாதக் கடைசியில் அஞ்சறைப் பெட்டியில் சில்லறையைத் தேடும் வீட்டின் நிலைமைதான். சம்பளத்தைக் கொடுப்பதற்காக வேறு பட்டுவாடாக்களைத் தள்ளிப்போட்டார்கள். ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் சிகிச்சை அளிப்பவர்களுக்குச் சேர வேண்டிய பணம் முதலில் நின்றது.

தொலைக்காட்சிக் கேமராக்கள் இதைத் தேடி வரவில்லை. முதல் நாளே அவை வேறு இடத்தில் குவிந்திருந்தன. மிசிசிப்பியிலிருந்து வந்த இரண்டாம் உலகப் போர் முதியவர்கள், நாடாளுமன்றத்துக்கும் லிங்கன் மண்டபத்துக்கும் இடையிலிருக்கும் போர் நினைவிடத்துக்கு வந்தால், சுற்றிலும் தடுப்பு வேலி. சக்கர நாற்காலிகளோடு வேலியைத் தாண்டி உள்ளே போனார்கள். உருக்கமான காட்சிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்காவின் போர்களுக்கெல்லாம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குகூட இல்லாமல் ஒரு நகரமே இருந்தது. அந்த நகரத்தைச் சுற்றியிருந்த வேலியைக் காட்டக் கேமராவுக்கு வழியில்லை.

அக்டோபர் 2 அன்று ஒரு திருப்பம். குடியரசுக் கட்சியினர் ஒரு தந்திரம் செய்தார்கள். மொத்த அரசையும் திறக்காமல், மக்களுக்குப் பிடித்தமான துண்டுகளை மட்டும் தனித்தனி மசோதாவாக்கி அனுப்பத் தொடங்கினார்கள். தேசியப் பூங்காக்களுக்கு ஒன்று, முன்னாள் படைவீரர்களுக்கு ஒன்று, மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒன்று. அந்த வரிசையில் நகரத்துக்கும் ஒன்று வந்தது: வாஷிங்டன் தன் சொந்தப் பணத்தைச் செலவழித்துக்கொள்ளலாம். பிரதிநிதிகள் சபையில் அது குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. மறுநாளே செனட்டும் ஒப்புக்கொண்டிருந்தால் நகரத்தின் கவலை அங்கேயே முடிந்திருக்கும்.

செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் அதைத் தொட மறுத்தார். அரசு முழுவதையும் திற, இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்பது ஜனநாயகக் கட்சியின் முடிவு. துண்டு மசோதாக்கள் வந்தால் ரத்து செய்வேன் என்று வெள்ளை மாளிகையும் சொல்லிவிட்டது. ரீட் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூங்காவைத் திறந்து, நினைவிடத்தைத் திறந்து, கண்ணுக்குத் தெரிகிற வலியையெல்லாம் ஒவ்வொன்றாக ஆற்றிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் கஷ்டப்படுகிறவர்களை யார் நினைப்பார்கள்? கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான ஊட்டச்சத்துத் திட்டம் கடைசி வரை மூடியே கிடக்கும். கட்சி ஒற்றுமை குலையக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றது புரிகிறது.

நார்ட்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். கட்சி முடிவைப் பேசாமல் ஏற்றுக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஏற்கவில்லை. நாள் தவறாமல் சபையில் எழுந்து ஒரே விஷயத்தைச் சொன்னார். மற்ற மசோதாக்கள் மத்திய அரசின் பணத்தைப் பற்றியவை, இது மத்திய அரசின் பணமே இல்லை. மற்றதெல்லாம் உங்கள் சண்டைக்குள் இருப்பவை, இந்த நகரம் உங்கள் சண்டைக்கு வெளியே இருந்து உள்ளே இழுத்துப் போடப்பட்டது. அதோடு பழைய கதையை நினைவூட்டினார். கிங்ரிச்சின் சபையும் கிளிண்டனின் கையெழுத்தும் சேர்ந்து அன்று இந்த நகரத்துக்கு வழிவிடவில்லையா? இன்று மட்டும் ஏன் முடியாது?

இந்தப் பகுதியை எழுதும்போது என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. எதிரியிடம் சண்டை போடுவதற்குத் துணிச்சல் போதும். சொந்தக் கட்சி தோளோடு தோள் நிற்கும்போது அந்த வரிசையிலிருந்து விலகி, நீங்கள் சொல்வது மற்ற எல்லாவற்றுக்கும் சரி, என் ஊருக்குச் சரியில்லை என்று சொல்வதற்கு இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது. கையில் வாக்கு இருந்திருந்தால் அவர் பேரம் பேசலாம். நான் அங்கே கைதூக்குகிறேன், நீங்கள் இங்கே வழிவிடுங்கள் என்று கேட்கலாம். அவரிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு வழியே இல்லாத ஒருவர், சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 9, முடக்கத்தின் ஒன்பதாவது நாள். நாடாளுமன்றப் படிக்கட்டில் ரீட்டும் செனட்டர்கள் சிலரும் நிருபர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். அருகிலேயே நகரத்தின் சார்பில் ஒரு கூட்டம் நடந்தது. அங்கிருந்து மேயர் கிரே நேராக ரீட்டிடம் நடந்து போனார். ஐயா, நாங்கள் அரசாங்கத்தின் ஒரு துறை இல்லை, எங்கள் பணத்தைத்தான் செலவழிக்கப் பார்க்கிறோம் என்றார். ரீட் தாழ்ந்த குரலில் சொன்ன பதிலை ஒலிவாங்கிகள் பிடித்துவிட்டன: “நான் உங்கள் பக்கம்தான். காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள், சரியா? கெடுத்துவிடாதீர்கள்.” கிரே, தன்னை ஊரின் முதல் மனிதராகத் தேர்ந்தெடுத்தவர்களின் சார்பில் அங்கே நின்றவர். ரீட்டின் நெவாடாவில் ஒரு மேயரிடம் யாராவது இப்படிப் பேசியிருந்தால் ரீட் பொறுத்திருப்பாரா என்று அந்த வாரம் நகரத்தில் பலர் கேட்டார்கள்.

அன்றே வெள்ளை மாளிகையில் பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களை ஒபாமா சந்தித்தார். நார்ட்டன் எழுந்தார். நகரத்தின் பணத்தை விடுவிக்க நீங்கள் ஏன் சம்மதிக்கக் கூடாது என்று நேருக்கு நேர் கேட்டார். அனுதாபம் உண்டு, விதிவிலக்கு முடியாது என்பதுபோல் அதிபரின் பதில். பேச்சு சூடேறியது என்று உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து நிருபர்களிடம் சொன்னார்கள். கறுப்பினத்தவரில் முதல் அதிபரிடம், அவருடைய கட்சியின் ஆட்கள் நிறைந்த அறையில், மிசிசிப்பிக்குப் போய் வந்த பெண்மணி குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

அந்த அதிபரின் கார் பற்றி ஒரு தகவல். நகரத்தின் வண்டி எண் பலகையில் 2000-ஆம் ஆண்டிலிருந்து, எண்ணுக்குக் கீழே ஒரு வாசகம் அச்சாகி வந்தது: பிரதிநிதித்துவம் இல்லாத வரி. இங்கிலாந்துக்கு எதிராக அமெரிக்கர்கள் கலகம் செய்தபோது எழுப்பிய அதே முழக்கம். கிளிண்டன் தன் காரில் அதைப் பூட்டினார், புஷ் கழற்றினார், ஒபாமா முதல் நான்கு ஆண்டுகள் பூட்டவில்லை. நகரத்தார் கேட்டுக் கேட்டு, 2013 ஜனவரியில் இரண்டாம் முறை பதவியேற்கும்போது பூட்டிக்கொள்ளச் சம்மதித்தார். ஆக, அக்டோபரில் வெள்ளை மாளிகை வாசலில் நின்ற காரிலும் அந்த வாசகம் இருந்தது. நார்ட்டன் உள்ளே கேட்டதும் அந்தப் பலகையில் எழுதியிருந்ததும் வேறு வேறு இல்லை.

நகரத்துக்காகத் தனி மசோதா கடைசி வரை செனட்டில் வரவில்லை. அந்த அளவில் நார்ட்டன் தோற்றார் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவர் போட்ட கூச்சல் வீண்போகவில்லை. அக்டோபர் 16 இரவு எட்டப்பட்ட உடன்பாட்டின் வாசகத்தைப் பிரித்துப் பார்த்தால், மத்திய அரசின் மற்றத் துறைகளுக்கெல்லாம் ஜனவரி 15 வரைதான் பணம். வாஷிங்டன் நகரத்துக்கு மட்டும் முழு நிதியாண்டுக்கும், அதாவது 2014 செப்டம்பர் 30 வரைக்கும், தன் உள்ளூர்ப் பணத்தைச் செலவழிக்க அனுமதி. ஜனவரியில் மறுபடி முடக்கம் வந்தாலும் நகரம் மாட்டாது. எந்தக் கட்சித் தலைமை இரண்டு வாரமாக முடியாது முடியாது என்றதோ, அதே தலைமை உட்கார்ந்து முடித்த உடன்பாட்டில் இந்த வரி ஏறியிருந்தது.

செனட்டில் 81-க்கு 18. பிரதிநிதிகள் சபையில் 285-க்கு 144. கூட்டினால் 429 வாக்குகள். தன் ஊரின் 16 நாள் அவதியை முடித்துவைத்த அந்த வாக்கெடுப்பில், அந்த ஊரின் ஒரே பிரதிநிதியின் பெயர் 429-ல் எங்கும் இல்லை. நள்ளிரவு தாண்டி ஒபாமா கையெழுத்திட்டார்.

அடுத்த ஜனவரியில் வந்த முழு ஒதுக்கீட்டுச் சட்டத்தில், 2015 நிதியாண்டிலும் முடக்கம் நகரத்தைத் தொடாது என்று நார்ட்டன் சேர்க்க வைத்தார். முன்கூட்டியே இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்த வரியைத் தேடிப் பார்ப்பதும், விடுபட்டிருந்தால் சேர்க்க வைப்பதும் அவர் அலுவலகத்தின் வழக்கமான வேலையாயிற்று. நிரந்தரமாக்கும் மசோதாவையும் கொண்டுவந்தபடியே இருந்தார். அது நிறைவேறவில்லை.

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, டிரம்ப் கேட்ட எல்லைச் சுவருக்காக நடந்த 35 நாள் முடக்கத்தில் அந்த ஒற்றை வரி என்ன செய்தது என்று ஊரே பார்த்தது. மத்திய அரசின் பூங்காக்களில் குப்பைத் தொட்டிகள் வழிந்தபோது, அவற்றைக் காலி செய்யப் போனவை நகரத்தின் லாரிகள். 1995-ல் தன் குப்பையையே அள்ள முடியாமல் நின்ற நகரம்!

ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. திருமணப் பதிவு நகரத்தின் மேல்நிலை நீதிமன்றத்தில் நடக்கிறது. அந்த நீதிமன்றத்துக்குப் பணம் தருவது மத்திய அரசு. ஆகவே நகரம் திறந்திருந்தும் திருமண உரிமம் கொடுக்கும் ஜன்னல் மூடிவிட்டது. மண்டபம் பிடித்து, உறவுகளுக்குச் சொல்லி, நாள் குறித்து வைத்திருந்த ஜோடிகள் பூட்டிய ஜன்னலின் முன் வந்து நின்றார்கள். நகர மன்றம் அவசரச் சட்டம் இயற்றி, உரிமம் வழங்கும் அதிகாரத்தை மேயருக்குக் கொடுத்தது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘லவ்’ என்று வரும்படி பெயர் வைத்தார்கள். ஜனவரி 11 அன்று மேயர் மியூரியல் பவுசர் கையெழுத்திட, உரிமங்கள் கிடைத்தன, கல்யாணங்கள் நடந்தன.

அந்த 35 நாட்களில் நார்ட்டனின் கவனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அரசு ஊழியர்களுக்கு நிறுத்திவைத்த சம்பளத்தைப் பின்னர் கட்டாயம் கொடுத்துவிட வேண்டும் என்ற சட்டத்தில் ஜனவரி 16 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். இனி வரும் முடக்கங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் அதே அரசுக் கட்டடங்களில் தரை துடைப்பவர், வாசலில் காவல் நிற்பவர், உணவகத்தில் தட்டு எடுப்பவர் எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மாடியில் மேசை முன் உட்காருகிறவருக்குத் தாமதமாகவாவது பணம் வரும். அந்த மேசையைத் துடைப்பவருக்கு 35 நாள் கூலி போனது போனதுதான். இவர்களுக்கும் கொடுங்கள் என்று நார்ட்டன் மசோதா கொண்டுவந்தார். சபையில் அயன்னா பிரஸ்லியும் செனட்டில் டினா ஸ்மித்தும் இதே கோரிக்கையோடு நின்றார்கள். அந்த வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழிப்பவர்கள். நாட்டின் பட்ஜெட்டில் அது கண்ணில் தெரியாத தொகை. இருந்தும் நிறைவேறவில்லை. இந்தத் தொடரில் நான் எழுதிய தோல்விகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

2025 மார்ச்சில், ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவந்த வாசகங்களில் ஒன்று விடுபட்டது. பிரதிநிதிகள் சபை தயாரித்த முழு ஆண்டுத் தொடர் நிதி மசோதாவில், நகரம் தன் நடப்பாண்டுத் திட்டப்படி செலவழிக்கலாம் என்ற வழக்கமான பத்தி இல்லை. நிதியாண்டின் பாதியில், ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருந்த சொந்த வரிப் பணத்தில், நகரம் சுமார் 100 கோடி டாலரை வெட்ட வேண்டிய நிலை எழுந்தது. மத்திய அரசுக்கு அதனால் ஒரு காசு மிச்சமில்லை. பெற்றோர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு செனட் அலுவலகக் கட்டடங்களுக்குப் போனார்கள். நார்ட்டனுக்கு அப்போது 87 வயது. அவர் ஒதுங்கி இளையவர்களுக்கு இடம்விட வேண்டும் என்று நகரத்துக்குள்ளேயே பேச்சு எழுந்திருந்தது. மார்ச் 14 இரவு மசோதாவை நிறைவேற்றிய செனட், விடுபட்ட பத்தியைச் சரிசெய்யும் தனி மசோதா ஒன்றையும் குரல் வாக்கில் ஏற்று, பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பிவைத்தது.

2013-ல் பிரதிநிதிகள் சபை அனுப்பியதை செனட் தொடவில்லை. இம்முறை செனட் அனுப்பியது பிரதிநிதிகள் சபையில் மாதக்கணக்கில் வாக்கெடுப்புக்கு வராமலே கிடந்தது.

(தொடரும்)